ஓர் ஆளே போதுமான படகு

இல்லை, அந்தப் படகு அப்போது விற்றுப்போயிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது "தெரியலபா" என்றேன். எனக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும். படகின் சொந்தக்காரர், அந்தப் புதுச்சேரிப் பெரியவர், என்னைப் போனில் கூப்பிட்டு, படகை உனக்கே தருவதாகச் சொன்னார். உனக்கு வேண்டாம் என்று சொன்னவள் நான். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு வரியில் சொல்லி முடித்தால் அது கைதவறிக் கீழே போட்ட டம்ளர் போல ஆகிவிடும். நான் கை தவறவில்லை.

அந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். நீ கப்பலில் சேருவதற்கு முந்தைய வாரம், அமாவாசை. தறிக்கு விடுமுறை. எப்போதும் சத்தத்தில் இருக்கும் தெருவில் அன்று சைக்கிள் மணிகூடத் தெளிவாகக் கேட்கும். நீ கூடத்தில், தறிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடத்தில், சாக்பீஸால் இரண்டு படம் வரைந்தாய். நீ வாங்க நினைத்த இரண்டு பாய்மரப் படகின் உள்ளறை, நிஜ அளவில். ஒன்று புதுச்சேரிப் படகு. இருபத்திரண்டு அடி நீளம். நிமிர்ந்து உட்காரலாம், நிற்க முடியாது. முன்பக்கம் கூம்பிக்கொண்டு போகிற இடத்தில் இரண்டு படுக்கை. இன்னொன்று சென்னையில் நின்றது. இருபத்தெட்டு அடி. அடுப்பு உண்டு, கழிப்பறை உண்டு, உள்ளே நின்றாலும் தலை இடிக்காது. அதன் கோடு கூடத்தில் அடங்கவில்லை. தறிக்கு அடியில் போய், அந்தப் பக்கம் வெளியே வந்தது. சின்னப் படகின் கோட்டுக்குள் நீ படுத்தாய். கையைத் தலைக்கு மேலே நீட்டி, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாய்.

"இன்னாடா இது, சவப்பெட்டி அளவுல இருக்குது" என்றார் உன் அப்பா.

"ஆறடி நாலு அங்குலம்பா. தாராளம்."

"பொரண்டு படுத்தா கடல்லதான் வுழணும்."

"உன் பக்கத்துல படுத்தா மட்டும் எங்க வுழறதாம்? குழிலதான்" என்றாய். அப்பா தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு எழுந்து உட்கார்ந்து எனக்கு விளக்கினாய். உனக்கு நினைவிருக்கிறதா தெரியாது, எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. வேகமும் படுக்கையும் ஒரே படகில் கிடைப்பது அரிது என்றாய். படுக்கை வைத்தால் எடை ஏறும், எடை ஏறினால் வேகம் போகும். இந்தப் படகைச் செய்தவன் எடையை எங்கெல்லாம் குறைத்திருக்கிறான் என்று ஒரு மணி நேரம் சொன்னாய். தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் அடிப்பலகையை உள்ளே தூக்கிக்கொள்ளலாம், அதனால் முழங்கால் தண்ணீரிலும் நிற்கும், ஆற்று வாய்க்குள் போய் நங்கூரம் போட்டுத் தூங்கலாம், காலையில் பாயை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர். புதுச்சேரியிலிருந்து ராமேஸ்வரம் வரை இப்படியே போகலாம் என்றாய். பாய்த்துணியின் துண்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தாய். அப்பா அதை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, "நூலா இது? பிளாஸ்டிக்கு" என்று கொடுத்துவிட்டார். நான் கேட்டேன், யாரெல்லாம் போவீங்க என்று.

"இதுக்கு ஒரு ஆள் போதும்மா. அதான் இதுல விசேஷமே."

அந்தப் பதில் என்னைச் சுட்டது. எங்கே சுட்டது என்று அப்போது தெரியவில்லை. உன்மேல் எனக்குக் கோபமில்லை. எழுந்து போய் அரிசி களைந்தேன்.

ஒரு ஆள் போதும். இதை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. புடவையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு இன்னொரு நிறம், இரண்டும் கோர்வையாக இழைக்கு இழை பூட்டிக்கொள்ள வேண்டும் என்றால் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். அப்பா உடலின் குறுக்குநூலைக் கொண்டுபோகும் நாடாவை எறிவார். வலதுபுறம் உட்கார்ந்து நான் கரை நாடாவை எறிவேன். ஒருவர் எழுந்தால் இன்னொருவர் நிறுத்த வேண்டும். எனக்குக் கழுத்து வலித்தால் அப்பாவும் நிறுத்துவார். அவருக்கு இருமல் வந்தால் நானும் காத்திருப்பேன். இருபத்தெட்டு வருடம். சண்டை போட்ட நாட்களிலும் பேசாமல் உட்கார்ந்து நெய்தோம், ஏனென்றால் புடவை பாதியில் நின்றது. இதைத்தான் நான் குடும்பம் என்று நினைத்தேன். இரண்டு பேர் இல்லாமல் நடக்காத வேலை ஒன்று நடுவில் இருந்தால் யாரும் யாரையும் விட்டுப் போக முடியாது. அன்பைப் பற்றி இப்படி ஒரு கணக்கு எனக்குள் இருந்திருக்கிறது. எம்.ஏ. படித்தவள், மெய்யியல் படித்தவள். எந்தப் புத்தகத்திலும் இதை நான் படிக்கவில்லை. தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீ சின்னப் பையனாக இருந்தபோது உன்னிடம் அடிக்கடி சொல்வேன், வேலூரில் எனக்குக் கல்லூரி வேலை கிடைத்தது, உங்களுக்காகத்தான் போகவில்லை என்று. நீ மார்க் குறைந்து வந்த நாட்களில் அதைச் சொல்வேன். உண்மை அது இல்லை. நேர்காணலுக்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா "போய்ட்டு வா, நான் ஆள் வச்சிக்கினு நெய்யறேன்" என்றார். எனக்குப் பயமாக இருந்தது. ஒரு வகுப்பின் முன்னால் தனியாக நிற்பது. முகூர்த்தப் புடவை தறியில் இருக்குது, எப்படிப் போவது என்று சொன்னேன். ஒரு வாரத்துக்குப் பிறகு அதை நானே நம்பினேன். தறி எனக்கு நல்ல சாக்கு. ஆகவே தனியாகப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குள் என்னவோ நடக்கும், அதற்கு நான் தாய்ப்பாசம் என்று பெயர் வைத்திருந்தேன்.

அந்தப் போன் அழைப்புக்கு வருகிறேன். கப்பல் கிளம்பிவிட்டால் உனக்குச் சிக்னல் கிடைக்காது. பெரியவர் முடிவு சொல்ல ஒரு வாரம் கேட்டிருந்தார், வேறு ஒருவரும் படகைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அப்பா நம்பரைக் கொடுத்தால் போனை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது என்று சொல்லி, பெரியவரிடம் என் நம்பரைக் கொடுத்தாய். வாசலில் ஆட்டோ நின்றது. பையை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து சொன்னாய்: "அவர் கூப்பிடுவார்மா. எடுத்துக்கறோம்னு ஒரு வார்த்தை. அவ்ளோதான்." நான் தலையாட்டினேன். அப்போது என் மனதில் எதுவும் இல்லை. இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அவர் பகல் பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். தறியில் இருந்தேன். எழுந்து பின்கட்டுக்குப் போனேன்.

"அம்மா, தம்பி கப்பல் ஏறிட்டாருங்களா?"

"ஏறிட்டான்ங்க."

"நல்லதும்மா. நான் முடிவு பண்ணிட்டேன். என் சம்சாரமும் தம்பிக்கே குடுத்துடுங்கன்னு சொல்லிட்டாங்க. இன்னொருத்தர் வந்தாரு, இன்ஜினைப் பார்த்தாரு, போட்டோ எடுத்தாரு, போய்ட்டாரு. தம்பி உள்ள போய்ப் படுத்தாரும்மா. அரை மணி நேரம் எழுந்துக்கவே இல்ல. நான் போய் எட்டிப் பார்த்தேன், தூங்கிட்டாரோன்னு."

நீ அங்கே அரை மணி நேரம் படுத்திருந்தாய் என்பதை நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன். வீட்டுக்கு வந்தால் ஒரு இடத்தில் உட்காராதவன். சாப்பிட்டதும் பைக்கை எடுக்கிறவன். எனக்குத் தெரியாத ஒருவருடைய படகில் போய் அசையாமல் படுத்திருக்கிறாய். வாயைத் திறந்தேன்.

"அவன் வேற பார்த்துட்டான்ங்க. இது வேணாம்னு சொல்லச் சொன்னான்."



"அப்படிங்களா. ஏதாச்சும் குறை சொன்னாருங்களா? சொன்னா சரி பண்ணிடலாம், அதுக்குத்தான் கேக்கறேன்."

"சின்னதா இருக்குதாம்."

"ஓ. பரவால்லீங்க. தம்பிய விசாரிச்சதா சொல்லுங்க."

படகுக்கே ஒரு குறையைச் சொல்லி முடித்தேன். அது தேவையே இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். "யாரு?" என்றார் அப்பா. "கேஸ்காரன்" என்றேன். கரை நாடாவை எடுத்தேன். மாலை வரை நெய்தோம். கை நடுங்கியது, இழை தப்பியது என்றெல்லாம் எழுதத்தான் ஆசை. அன்று ஓர் இழைகூடத் தப்பவில்லை.

ஏன் என்று நீ கேட்பாய். கடல் பயம் என்று சொன்னால் நீ மன்னித்துவிடுவாய், அதனால் அதைச் சொல்லப் போவதில்லை. கப்பலில் நீ இருப்பதும் கடல்தான், அதற்கு நான் பயந்ததில்லை, சம்பளக் கடிதத்தைப் பூஜை அறையில் வைத்தவள் நான். அது இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கரைக்கு வந்து வீட்டில் தூங்குகிற படகாக இருந்திருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டேன். அதில் படுக்கை இருந்தது. நீ தூங்குவதற்கு ஓர் இடம், உனக்கு மட்டும் சரியான அளவில், நகர்ந்துகொண்டே இருக்கும் இடம். விடுப்பில் வந்தால் நீ அங்கேதான் போவாய். இதுதான் காரணம். எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்னதாக இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து நீ வந்தாய். படகை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்றேன். "அவரே கூப்பிட்டுச் சொன்னாரா?" என்றாய். ஆமாம் என்றேன். நீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தாய். "என் தப்புமா. அட்வான்ஸ் குடுத்துட்டுப் போயிருக்கணும்" என்றாய். நான் காபி கொண்டுவந்தேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவி, "நமக்குக் குடுத்து வைக்கலபா" என்றேன். நான் செய்ததிலேயே மிகக் கேவலமானது எது என்று இந்த இரண்டு நாளாக யோசித்தேன். போனில் சொன்ன பொய் இல்லை. அந்தக் காபிதான். நீ குடித்துவிட்டு, நல்லா இருக்குது என்றாய். பெரியவருக்கு ஒரு தடவை போன் செய்து கேட்டிருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். நீ செய்யவில்லை. நான் சொன்னதே உனக்குப் போதுமாக இருந்தது.

அப்புறம் "நீயே சொல்லும்மா, எதை எடுக்கலாம்" என்று சென்னைப் படகின் படங்களைக் காட்டினாய். நின்றால் தலை இடிக்கக் கூடாது என்றேன். அடுப்பு வேண்டும் என்றேன். உண்மையில் நான் பார்த்தது வேறு. அதன் பாயை ஏற்ற, கயிற்றை இழுக்க, கரையை விட்டு எடுக்க இரண்டு பேர் வேண்டும் என்று நீ குறைபோலச் சொன்னாய். நான் அதை நிறையாகக் கேட்டேன். இரண்டு பேர் வேண்டும் என்றால் ஒரு நண்பன் வருவான், நாளைக்கு ஒரு மனைவி வருவாள், யாரோ உன்னோடு கட்டாயம் இருப்பார்கள். கோர்வைத் தறிக்கு ஆள் பார்ப்பதுபோல உனக்குப் படகு பார்த்தேன்.

அதையே வாங்கி, காட்டுவதற்கு என்னை அழைத்துப்போனாய். "அம்மா செலக்‌ஷன்" என்று உன் நண்பனிடம் சொன்னாய். "ஆன்ட்டி, ஒரு வீடே புடிச்சிட்டீங்க" என்றான் அவன். நான் உள்ளே நின்று பார்த்தேன். தலை இடிக்கவில்லை. அவன் நான்கு முறை உன்னோடு வந்தான். பிறகு வேலை மாறிப் புனே போய்விட்டான். படகு கட்டியே கிடந்தது. அடியில் சிப்பி ஏறியது. ஒருநாள் பொறுக்க முடியாமல் தனியாக எடுத்திருக்கிறாய். முன்பாய் சிக்கிக்கொண்டது, காற்று திருப்பிவிட்டது, பக்கத்துப் படகில் மோதாமல் தடுக்கக் கையைக் கொடுத்தாய். அதை எங்களுக்கு வேடிக்கைபோலச் சொன்னாய். உன் இடது சுண்டுவிரல் இன்றைக்கும் முழுதாக மடங்குவதில்லை. போன தடவை நீ வந்து சோறு பிசையும்போது டம்ளரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மோர் ஊற்றினேன்.

இப்போது அந்தப் பெரிய படகை விற்றுவிட்டாய். சின்னதாக, வேகமாக, படுக்க இடம் உள்ளதாக மறுபடியும் தேடுகிறாய். தேடும்போது அதே புதுச்சேரிப் படகின் விளம்பரம்; ஞாயிற்றுக்கிழமை அதை எனக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாய். அதே பெரியவர்.

"ஒரே ஓனர்னு போட்டிருக்குதும்மா. அப்ப அவர் விக்கவே இல்லியா?"

"தெரியலபா. குடுத்துட்டுத் திரும்பி வாங்கியிருப்பார்."

"ஒரே ஓனர்னு போட்டிருக்குதே."

நான் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். பிறகு, "சரி வுடு. சாப்பிட்டியா?" என்றாய்.

அந்தக் கேள்வியை நான் இரண்டு நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். உனக்குத் தெரிந்துவிட்டது. அவரைக் கூப்பிட்டால் அவர் என்ன சொல்வார் என்பதும் தெரியும். அதனாலேயே கூப்பிட மாட்டாய். அவர் வாயிலிருந்து அதைக் கேட்டுவிட்டால் பிறகு என்னோடு எப்படிப் பேசுவது என்று யோசித்து, படகை விட்டுவிடுவாய். முதல் தடவை நான் உன்னிடமிருந்து அதை எடுத்தேன். இந்தத் தடவை என்னைக் காப்பாற்ற நீயே விட்டுக்கொடுக்கப் போகிறாய். அதைச் செய்யாதே. நான் காப்பாற்றப்பட வேண்டியவள் இல்லை.

எதை வாங்குவது என்று இனி நான் சொல்ல மாட்டேன். ஆனால் படகுகளைப் பற்றி நீ வீட்டில் விட்டுப்போன காகிதங்களை மூன்று வருடமாகப் படித்திருக்கிறேன், அதனால் சிலவற்றைச் சொல்ல விடு. தண்ணீரில் நிற்கும்போது பார், கரையில் ஏற்றிவைத்துக் காட்டினால் பார்த்து ஏமாறாதே. அடிப்பலகையை மேலும் கீழும் பத்துத் தடவை இழுத்துப் பார். பாயை யார் உதவியும் இல்லாமல் ஏற்றிப் பார், அவர் கை கொடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல். உள்ளே படுத்து, மழை வந்தால் தண்ணீர் எங்கே சொட்டும் என்று மேலே பார். படுக்கையின் நீளத்தை உன் உயரத்துக்குப் பார். நண்பன் வந்தால், மனைவி வந்தால், அம்மா வந்தால் என்று வேறு எவருடைய உயரத்தையும் மனதில் வைக்காதே. யாராவது வருவதாக இருந்தால் பக்கத்தில் நெருங்கிப் படுத்துக்கொள்வார்கள். வராமலும் இருப்பார்கள். நீ யாரும் இல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க நான் இந்த வயதில்தான் கற்க வேண்டியிருக்கிறது. அது என் பாடம், உன் படகில் அதற்கு இடம் ஒதுக்காதே.

இன்று காலை தறியில் உட்கார்ந்திருக்கும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"என்னான்ட கூட சொல்லலியே நீ."

"சொல்லல."

"நான்தான் தடுத்தேன்னு நெனச்சிருப்பான் அவன். சவப்பெட்டின்னு சொன்னவன் நான்தானே." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "விளையாட்டுக்குச் சொன்னேன்மா. நல்ல அளவுதான் அது. வாங்கட்டும்னுதான் இருந்தேன்."

 திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மதியம் அவர் சாப்பிட வரவில்லை. இதைத் தறிக்குப் பக்கத்தில், நீ கோடு போட்ட அதே தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மன்னிப்பு கேட்டு எழுதவில்லை. கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், உன் சுபாவம் அப்படி. கொஞ்ச நாள் கோபமாக இரு. கூப்பிடாமல் இரு. நான் சாப்பிட்டேனா என்று கேட்காதே.

புதன்கிழமை. மேலே உள்ளதை நேற்று எழுதினேன். தபால் வந்து சேர்வதற்குள் படகு போய்விடும் என்று பட்டது. காலையில் அப்பாவிடம் இன்றைக்குத் தறி இல்லை என்று சொல்லிவிட்டு, விளம்பரத்தில் இருந்த விலாசத்தை எழுதிக்கொண்டு, பஸ் ஏறிப் புதுச்சேரி வந்தேன். பெரியவர் வீட்டில் இருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் போனில் பேசியது நான்தான், என் மகன் அப்படிச் சொல்லவில்லை, சின்னது என்றும் அவன் சொல்லவில்லை என்று நின்றபடியே சொன்னேன். அவர் மனைவி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. வெள்ளிக்கிழமை ஒருவர் பார்க்க வருகிறாராம், அதுவரை உன் பதிலுக்குக் காத்திருப்பதாகப் பெரியவர் சொன்னார். அவருடைய நோட்டில் உன் பெயருக்கு எதிரே என் நம்பர்தான் இருந்தது. அதை அடிக்கச் சொல்லி, உன் நம்பரை எழுத வைத்தேன். இதைப் புதுச்சேரி பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்; கடிதத்தைப் பக்கத்தில் இருக்கும் கூரியரில் கொடுத்துவிட்டு, வந்தவாசி வழியாக ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறுவேன்.